பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூன் 4

அன்புச் சின்னுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து முகாமுக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்த லாரியில்தான் ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன மேடம், பொண்ணைக் காணோம்?" என்றார். "அத்தை வீட்டுல விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல மனிதர், அப்புறம் ரேடியோவைப் போட்டுவிட்டு வழி முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாலு அழுதாளா? நான் தெருமுனை திரும்பும்வரை அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இங்கே கைபேசி எடுக்காது என்று உனக்குத் தெரியும். ஆபீஸில் ஒரே ஒரு போன். அதைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அங்கே நின்று உன் குரலைக் கேட்டால் பேச்சே வராது எனக்கு. அதனால் கடிதம்தான். சாமான் லாரி தபாலையும் எடுத்துப்போகும், கொண்டுவரும்.

அன்றைக்கு வீட்டில் அவசரம். சொன்னது பாதி, விட்டது பாதி. நிதானமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சுரங்கப்பாதைக்கு அளவெடுக்கும் இந்த வேலைக்கு வந்தபோது அவளையும் கூடவே வைத்திருந்தேன் அல்லவா? இடுப்புயரப் புல்லில் நாள் முழுக்க ஓடுவாள். உண்ணி கடித்தது. முழங்காலுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று நாலைந்து தடவை. பிடுங்கிப் போட்டோம், மறந்தோம். அந்தக் கடியால்தான் அவள் உடம்பு கறியையே எதிரியாக நினைக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆடு, மாடு, பன்றி என்று குட்டிக்குப் பால் கொடுக்கிற எந்தப் பிராணியின் இறைச்சியும் கூடாது. கோழி, மீன், முட்டை பரவாயில்லை. பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். இவளுக்கு இப்போதைக்கு ஒத்துக்கொள்கிறது. இன்னொரு உண்ணி கடித்தால் நிலைமை மோசமாகும். அதனால்தான் அவள் இங்கே இருக்கக்கூடாது.

கறி என்றால் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். என் பயம் கறியில் இல்லை, சின்னு. பளபளவென்று ஒட்டிவைத்திருக்கிறார்களே, அந்தப் பாக்கெட்டுகளில்தான் இருக்கிறது. ஜெலட்டின் என்று ஒன்று. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. ஜெல்லி மிட்டாயில் இருக்கும், சில தயிர்க் கிண்ணங்களில் இருக்கும், மாத்திரையின் மேலுறையில்கூட இருக்கும். பிஸ்கட்டில் மிருகக் கொழுப்பு இருக்கலாம். சூப் பொடியில் எலும்புச் சாறு இருக்கலாம். கோழி என்று எழுதிய சாஸேஜுக்கு மேல்தோல் வேறு பிராணியுடையதாக இருக்கலாம். 'இயற்கைச் சுவையூட்டி' என்று போட்டிருந்தால் அது எதன் இயற்கை என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லாவற்றிலும் மோசம், தின்றவுடன் ஒன்றும் ஆகாது. காலையில் தின்றது மாலையில்தான் வேலையைக் காட்டும். 'சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு, ஒண்ணும் ஆகலையே' என்று ஒருபோதும் நிம்மதி அடையாதே. உடம்பு வீங்கினால் உடனே தொடையில் அழுத்தவேண்டிய அந்த ஊசிப் பேனா அவள் பையில் ஒன்று, உன் பையில் ஒன்று. எங்கே போனாலும்.

உன் அண்ணன் இறந்தபிறகு உங்கள் வீட்டோடு எனக்கிருந்த தொடர்பும் போய்விடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நீ என்னை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சமை.

உன் அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அதைச் சொல்லுங்கள். இங்கே மூன்று பேரும் நலம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தையும் எழுதுகிறேன்.

வாலு முதல் நாள் அழுதாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்கக்கூடாதாம். எட்டு வயசுக்கு இதெல்லாம் எங்கே கற்றாள்? நான் வெளியே நின்று, "வாலு, தண்ணி வீணாகுதுடி" என்றேன். குழாய் நின்றது. அழுகையும் நின்றது. அப்புறம் வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள்.

அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவியாயிற்று. பழைய கறிச்சட்டி, வெட்டும் பலகை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ இனிமே நான் கறி சாப்பிடணும்னா?"

"வெளியில சாப்பிடுங்க. வாயைக் கழுவுங்க. சட்டையை மாத்திட்டு உள்ளே வாங்க."

"கள்ளத் தொடுப்பு வச்சிருக்கிறவன் வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்குடி இது."

ஆனால் சொன்னபடி செய்கிறார். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கப் போகிற வீடுகளில் ஏதாவது கொடுத்தால்கூட, "எங்க வீட்டுல ஒரு குழந்தை இருக்கு" என்று சொல்லி மறுத்துவிடுகிறாராம்.

சாமான் வாங்கப் போன கதையைக் கேளுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்து எழுத்து எறும்புக்கு எழுதியதுபோல இருக்கிறது. நான் வேலை செய்வதோ மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணுக்கா பஞ்சம்? முதலாளியிடம் கேட்டு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தேன். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், கடைக்காரப் பையன்கள் என்னை அரசாங்க அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். மேனேஜரே வந்து, "மேடம், உட்காருங்க, ஏதாவது குளிர்ச்சியா குடிக்கிறீங்களா?" என்றார். "கொடுங்க, ஆனா அந்தப் பாட்டிலையும் படிச்சுட்டுத்தான் குடிப்பேன்" என்றேன். வாலு சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நிறைய வாங்கவில்லை. அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, பழம். பள்ளி இடைவேளைக்கு நீலப் பாக்கெட்டில் ஒரு நட்சத்திர பிஸ்கட். மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். இரண்டு தடவை படித்தேன்.

கவலைப்படாதீர்கள் அண்ணி. அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

சின்னு


ஜூலை 2

அன்புச் சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

உண்மையைச் சொல்கிறேன். வேலையில் மனம் நிற்பதில்லை. மலையின் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறார்கள், நடுவில் சரியாகச் சந்திக்கவேண்டும். என் அளவு ஒரு விரல் பிசகினாலும் முடிந்தது. கருவியில் கண்ணை வைத்தால் எண்ணுக்குப் பதில் அன்றைக்கு வீங்கிய அவள் உதடு தெரிகிறது. உனக்கு நான் அதை முழுசாகச் சொன்னதில்லை. யாரோ கொடுத்த ஜெல்லி மிட்டாயைத் தின்றுவிட்டு மத்தியானம் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஓடிவந்து, "அம்மா, எனக்குள்ள யாரோ கையை விட்டு இறுக்குறாங்க" என்றாள். நான் மரம்போல நின்றேன், சின்னு. லாரி டிரைவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஒரு உதவி செய்வாயா? நீ வாங்குகிற பாக்கெட்டுகளின் பின்பக்கத்தை வெட்டி எனக்குத் தபாலில் அனுப்பு. நீ ஒரு தடவை படித்ததை நான் இன்னொரு தடவை படிக்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இங்கே சும்மா உட்கார்ந்து பயப்படுவதற்கு, படித்துக்கொண்டாவது பயப்படுகிறேன்.

சூப் பொடி வாங்கினாயா? வாங்கியிருந்தால் பிரிக்காதே. பல் தேய்க்கும் பேஸ்ட்டையும் பார். காலையில் என்ன கொடுக்கிறாய், பள்ளிக்கு என்ன, சாயங்காலம் என்ன, எழுது.

உன் அண்ணி


ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

வெட்டிய தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். துடைத்துத்தான் வைத்தேன். அப்படியும் உறைக்குள் எறும்பு வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

சூப் பொடிக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். "இயற்கைச் சுவையூட்டின்னு போட்டிருக்கீங்களே, அது எதுலேர்ந்து எடுக்கறீங்க?" என்றேன். ஒரு பையன், "இயற்கையிலேர்ந்துதான் மேடம்" என்றான். "ஆடு மாடும் இயற்கைதானே தம்பி?" என்றேன். "லைன்ல இருங்க மேடம்" என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனவன் போனவன்தான். பொடியைப் பிரிக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் கூடப் படிக்கிற பெண்ணுக்குப் பிறந்தநாள். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே சண்டை. கடைசியில் ஒரு டப்பாவில் முட்டைச் சோறும் வாழைப்பழமும் கொடுத்து, நானும் கூடவே போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டம்மா, "ஒரு துண்டு கேக்குல என்னங்க ஆகிடப்போகுது? குழந்தை ஏங்குது பாருங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாலுவே, "ஆன்ட்டி, எனக்கு ஆம்புலன்ஸ் வரும்" என்றாள். சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வதுபோல. அந்த வீட்டம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. வரும் வழியில் வாலு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "கேக்கைப் பார்த்தேன் அத்தை, அவ்ளோதான். பார்த்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

அண்ணி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? நீங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தில் வாலு என்ன தின்றாள் என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கவில்லை. அவள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். நானாக இரண்டு வரி சேர்த்துப் படித்தேன்.

நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. கணக்கில் மட்டம், ஓட்டத்தில் முதல். நட்சத்திர பிஸ்கட் இல்லாமல் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள்.

சின்னு


ஜூலை 29

அன்புச் சின்னு,

நீ சொன்னது சரி. கோபம் இல்லை, வெட்கம்தான். நீ சேர்த்துப் படித்த அந்த இரண்டு வரி என்ன என்று எனக்கும் எழுது, இனிமேல் நானே எழுதுகிறேன்.

விழுந்த பல்லை வைத்திருக்கிறாயா? தூக்கிப் போட்டுவிடாதே.

தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. தொடர்ந்து அனுப்பு.

இதோடு வாலுவுக்குத் தனிக் கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 10

சின்னு,

அந்த நட்சத்திர பிஸ்கட்டை நிறுத்து. இதைப் படித்து முடிக்காதே, முதலில் எழுந்துபோய் வீட்டில் இருப்பதை எடுத்துக் குப்பையில் போடு. அவள் பள்ளிப்பையையும் பார்.

நீ அனுப்பிய உறை இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஒரு வாரமாக மழை, லாரி இன்றுதான் ஏறியது. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நீலம், அதே நட்சத்திரம், அதே படம். பழையதில் 'தாவர எண்ணெய்' என்று இருக்கிறது. புதியதில் 'உண்ணத்தக்க கொழுப்பு, தாவரம் அல்லது விலங்கு' என்று இருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. பின்னால் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

போன் செத்துக் கிடக்கிறது. லாரி ஏறி வந்த கொஞ்ச நேரத்தில் கீழே பாலம் போய்விட்டது. நானே இறங்கியிருப்பேன், விடமாட்டேன் என்கிறார்கள். மருந்து வாங்க ஒருவரை மட்டும் கயிறு கட்டி அக்கரைக்கு அனுப்புகிறார்கள். அவர் சட்டைப்பையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. டவர் கிடைக்கும் இடம் போனதும் முதல் வேலையாக உனக்குப் போன் செய்யச் சொல்லி, எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரியாகச் சொல்வாரா தெரியவில்லை.

போன தடவை இதைத் தின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதே. ஒரு நாள் ஆகாது, ஒரு நாள் ஆகும்.

கொடுத்திருக்க மாட்டாய். நீ படித்திருப்பாய். படித்திருப்பாய் அல்லவா?

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள். முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் ஆள் போன் செய்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். போனைக் கடை மேஜைமேலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அது அங்கேயே அடித்து அடித்து ஓய்ந்துபோனதாம்.

பள்ளி விட்டு நேரே கடைக்கு வந்துவிடுவாள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றும் வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று பெரியவர்கள் போடும் கண்ணாடி ஃபிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டி, "அத்தை, நான் டீச்சர் மாதிரி இருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாடிக்கையாளருக்குக் காதுப்பிடி வளைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, கை அரிக்குது."

திரும்பிப் பார்க்காமலே, "சோப்புப் போட்டுக் கழுவு" என்றேன்.

"கழுவிட்டேன். இன்னும் அரிக்குது. வயிறும் வலிக்குது."

அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. சட்டையைத் தூக்கினால் வயிறு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலுதடு பெரிதாகிறது, அண்ணி. "வாலு, பேசு" என்றேன். "என்ன பேச?" என்றாள். அது அவள் குரலே இல்லை.

முதலாளி கையில் தண்ணீர்த் தம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். என் பையைக் கொட்டினேன். பேனா உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. படுத்துக் கையை விட்டு எடுத்தேன். மூடி கழற்றினேன், தொடையில் வைத்து அழுத்தினேன், அப்படியே பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் தேவலையே என்று இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவளைத் தரையில் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசியும் போட்டார்கள். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. டாக்டரம்மா, "காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். "எல்லாமே பார்த்துப் பார்த்து வாங்கினதுதாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். இவர் வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நட்சத்திர பிஸ்கட்டில்தான் இருந்தது, 'தாவரம் அல்லது விலங்கு' என்று.

அண்ணி, கடையில் முதலில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். அப்புறம் அதே நீலம், அதே நட்சத்திரம். எடுத்துக் கூடையில் போட்டேன். பின்பக்கத்தை வெட்டி உங்களுக்கு அனுப்பினேனே, வெட்டுகிறபோதுகூட நான் அதைப் படிக்கவில்லை. அண்ணிதான் படிக்கிறார்களே என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாலம் சரியானதும் வாருங்கள். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். பிடிக்காமல் சொல்லவில்லை. என் கையால் அவளுக்கு இனி ஒரு கவளம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சின்னு


செப்டம்பர் 15

அன்புச் சின்னுவுக்கு,

முகாமுக்குத் திரும்பிவிட்டேன். உங்களோடு இருந்த அந்தப் பத்து நாளில் நேரில் சொல்லமுடியாமல் போனதை எல்லாம் எழுதித்தான் தீர்க்கவேண்டும்.

உன்னிடம் மறைப்பதற்கில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தாய். பாதி உடம்பாகப் போயிருந்தாய். சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவளுக்கு வெறும் சோறும் வேகவைத்த கிழங்கும் மட்டும்தான் கொடுக்கிறாய். அதையும் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய்க் கதவருகே நின்றுகொள்கிறாய். அவள் விழுங்கும்போது அவள் கழுத்தையே பார்க்கிறாய். எனக்கு அந்தப் பார்வை தெரியும், சின்னு. இந்த வியாதி வந்த நாளிலிருந்து நான் அவளை அப்படித்தான் பார்த்தேன்.

முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தலை வாரிவிடும்போது என்னிடம் கேட்டாள். "அம்மா, அத்தைக்கு என்னைப் பிடிக்கலையா? இப்போல்லாம் என்கூட உட்கார்ந்து சாப்பிடவே மாட்டேங்கிறாங்க." வலிக்கிறாற்போல வாரிவிட்டேன், பாவம்.

பேருந்து நிலையத்தில் நீ, "வேற யாரையாவது பாருங்க அண்ணி" என்றாய். நான் தலையாட்டிவிட்டு ஏறிவிட்டேன். யாரைப் பார்ப்பது? நானே பார்த்துக்கொண்டால்கூட, ஒரு நாள் அசந்து அதே நீலப் பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போடுவேன். போடமாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் இல்லை. ஆனால் அவளுக்கு மூச்சு திணறியபோது நான் மரமாக நின்றேன். நீ மேஜைக்கு அடியில் படுத்துப் பேனாவை எடுத்தாய். அந்த நாளை நினைக்கும்போது உனக்கு பிஸ்கட் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பேனா.

இனிமேல் தாள் அனுப்பாதே. நான் படிப்பேன் என்று நீ இருந்தாய், நீ படித்திருப்பாய் என்று நான் இருந்தேன், நடுவில் அவள் தின்றுவிட்டாள். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். இனி கூடையில் போடுகிறவள்தான் படிக்கவேண்டும், எத்தனையாவது தடவை வாங்கினாலும். நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை, போகவும் போகாது. அதைத் தபாலில் உனக்கு அனுப்புவதைத்தான் நிறுத்துகிறேன்.

முடியவே முடியாது என்றால் எழுது. வேலையை விட்டுவிட்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விடுகிறேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நீயே படித்து வாங்கிய எதையாவது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சாப்பிடு.

உன் அண்ணி


செப்டம்பர் 28, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை விட்டு விட்டு எழுதப்போகிறேன். கையெழுத்து ஒரே மாதிரி இருக்காது.

சாப்பிட்டுவிட்டோம். இப்போதுதான். திராட்சை பன், பாக்கெட்டில் வருவது. கடையிலேயே மூன்று தடவை படித்தேன், வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வாலுவிடம் கொடுத்துவிட்டேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கோ... துமை மாவு. சர்க்கரை. உலர் தி... ராட்சை. சூரியகாந்தி எண்ணெய்." அங்கே நிறுத்தி யோசித்தாள்.

"அத்தை, சூரியகாந்திக்குக் கால் இருக்கா?"

"இல்லையே."

"அப்போ தின்னலாம்."

இவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் பிட்டு அவள் வாயில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தின்றாள்.

இனி காத்திருக்கவேண்டும்.

தூங்குகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மடியிலேயே வைத்திருக்கிறேன். இவர் கூடத்தில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது அது.

ஐயோ அண்ணி, இப்போது தூக்கத்தில் கழுத்தைச் சொறிந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "என்னங்க!" என்று கத்திவிட்டேன். இவர் ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்தார். விளக்கைப் போட்டு, சட்டையை விலக்கி, வயிறு, முதுகு, உள்ளங்கை எல்லாம் பார்த்தோம். கொசு. ஒரே ஒரு கொசுக்கடி. வாலு எழுந்து உட்கார்ந்து, "ரெண்டு பேரும் ஏன் என்னை இப்படிப் பார்க்கறீங்க?" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. எழுந்து தண்ணீர் கேட்டாள். குடித்தாள். "பேசு" என்றேன். "எப்பப் பார்த்தாலும் பேசு பேசுன்னா என்னத்தைப் பேசறது?" என்று எரிந்து விழுந்தாள். அவள் குரல்தான். அப்பட்டமாக அவள் குரல்.

தெருவிளக்கு எரிகிறது. டாக்டரம்மா சொன்ன நேரமெல்லாம் தாண்டிவிட்டது. மாடியில் ஓடுகிறாள், கீழே எனக்குத் தலைக்குமேல் தடதடவென்று கேட்கிறது. இவர் இன்னும் மின்விசிறியைச் சேர்த்து முடிக்கவில்லை, ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது என்கிறார்.

எனக்குப் பயம் போகவில்லை, அண்ணி. நாளைக்கும் இருக்கும். நாளைக்கும் படிப்பேன்.

இன்னொரு விஷயம். ஜனவரியில் பள்ளியில் ஓட்டப் பந்தயமாம், வாலு பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இருக்கிற ஷூ விரலைக் கடிக்கிறது. நாளைக்குக் கடை முடிந்ததும் கூட்டிப்போய்ப் புதுசு வாங்கப்போகிறேன். ஒரு அளவு பெரிதாகவே வாங்குகிறேன், அடுத்த வருஷமும் போடட்டும்.

சின்னு